ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை: இலங்கை இழந்ததும் மீட்டதும் (2005–2017)

ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்கு வழங்கிவந்த ஜி.எஸ்.பி. பிளஸ் என்னும் இறக்குமதி வரிச்சலுகையை 2010 ஆகஸ்ட் 15 அன்று நிறுத்தியது. 2017 மே 19 அன்று அதை மீண்டும் வழங்கியது. மனித உரிமை ஒப்பந்தங்களை இலங்கை அரசு முறையாகக் கடைப்பிடிக்கவில்லை என்பதே நிறுத்தத்திற்குச் சொல்லப்பட்ட காரணம். தொழிலாளர் உரிமை அல்லது மனித உரிமை மீறலுக்காக ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய சலுகையைப் பறித்த மூன்றாவது நாடு இலங்கை. கட்டாய உழைப்புக்காக மியான்மர் 1997இலும், தொழிற்சங்க உரிமை மறுப்புக்காக பெலாரஸ் 2007இலும் சலுகையை இழந்திருந்தன.

தமிழ்நாட்டில் இச்செய்தி பெரும்பாலும் அரசியல் செய்தியாகவே படிக்கப்பட்டது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அதற்கு நேரடிக் காரணமும் இருந்தது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடற்கரைக்கு எதிர்க்கரை யாழ்ப்பாணம். மாவட்டத்தின் உட்பகுதியில் லேணாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை ஆகிய மூன்று ஊர்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. சலுகை பறிபோனதற்குக் காரணமான நிகழ்வுகளும், இம்முகாம்களில் உள்ளவர்கள் ஊர் திரும்ப முடியாமல் போனதற்குக் காரணமான நிகழ்வுகளும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே 'ஐரோப்பா இலங்கையைத் தண்டித்துவிட்டது' என்ற தலைப்புச் செய்தியில் இங்குள்ளவர்கள் நம்பிக்கை வைத்ததில் வியப்பில்லை. ஆனால் அது எத்தகைய தண்டனை, யார் மீது விழுந்தது, எவ்வளவு வலித்தது என்பதைக் கணக்கோடு பார்க்க வேண்டியுள்ளது.

சலுகை என்பது என்ன

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வது நல்லது. 2019இல் புல்வாமா தாக்குதலுக்கு மறுநாள், பிப்ரவரி 15 அன்று, பாகிஸ்தானுக்கு 1996இல் அளித்திருந்த 'மிகவும் வேண்டப்பட்ட நாடு' என்ற தகுதியை இந்தியா விலக்கிக்கொண்டது. உடனே பாகிஸ்தான் பொருட்கள் மீது 200 விழுக்காடு சுங்க வரி விதிக்கப்பட்டது. பெயரைக் கேட்டால் ஏதோ தனிச்சலுகை போலத் தோன்றும். உண்மையில் அத்தகுதி உலக வணிக அமைப்பின் உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று அளிக்க வேண்டிய சம மரியாதை மட்டுமே. அதை விலக்குவது என்றால், பந்தியில் எல்லாரோடும் உட்கார்ந்திருந்தவரை எழுப்பி வெளியே அனுப்புவது. ஜி.எஸ்.பி. அப்படிப்பட்டதன்று. அது பந்தியில் சிலருக்கு மட்டும் கூடுதலாக வைக்கப்படும் இனிப்பு. அதை எடுத்துவிட்டாலும் இலையில் சாப்பாடு இருக்கும்.

ஏழை நாடுகளின் தொழிற்பொருட்களுக்குச் செல்வ நாடுகள் குறைந்த வரி விதிக்க வேண்டும் என்ற கருத்து, ஐக்கிய நாடுகள் வணிக வளர்ச்சி மாநாட்டின் முதல் தலைமைச் செயலர் ரவுல் பிரெபிஷ் முன்வைத்தது. 1968இல் புது தில்லியில் கூடிய இரண்டாம் மாநாடு இதற்கு ஒப்புதல் அளித்தது. ஐரோப்பிய நாடுகள் 1971இல் நடைமுறைப்படுத்தின. இதன் உயர்ந்த படிதான் 'பிளஸ்'. அந்தப் படி உருவானதற்கு இந்தியாவே ஒரு காரணம் என்பது பலருக்குத் தெரியாது. போதைப்பொருள் ஒழிப்பின் பெயரால் பாகிஸ்தான் உள்ளிட்ட சில நாடுகளுக்கு மட்டும் ஐரோப்பா தனிச்சலுகை கொடுத்துவந்தது. பாகிஸ்தான் துணிகளும் ஆடைகளும் வரியின்றி நுழைய, இந்தியாவுடையவை வரி கட்டி நுழைந்தன. இந்தியா 2002இல் உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடர்ந்தது. 2004 ஏப்ரலில் மேல்முறையீட்டு அமைப்பு, வளரும் நாடுகளுக்கிடையே வேறுபாடு காட்டலாம், ஆனால் எல்லாருக்கும் பொதுவான, வெளிப்படையான அளவுகோல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்கு ஏற்ப ஐரோப்பா எழுதிய அளவுகோலே ஜி.எஸ்.பி. பிளஸ்: 27 பன்னாட்டு ஒப்பந்தங்களை ஏற்று நடைமுறைப்படுத்தும் நாடு விண்ணப்பிக்கலாம். அவற்றில் 16 மனித உரிமை, தொழிலாளர் உரிமை பற்றியவை. மற்றவை சுற்றுச்சூழல், நல்லாட்சி பற்றியவை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட நாடுகளுக்கு உதவும் நோக்கத்தில் இத்திட்டம் முன்கூட்டியே, 2005 ஜூலை 1 முதல், நடைமுறைக்கு வந்தது. இலங்கை அன்றுமுதல் பயன்பெற்றது. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் உலக ஆடை வணிகத்தில் பல பத்தாண்டுகளாக இருந்த ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்து, சீன ஆடைகள் ஐரோப்பியச் சந்தையில் குவியத் தொடங்கியிருந்தன. இலங்கைக்கு இச்சலுகை கிடைத்தது சரியான நேரத்தில்.

கணக்கு எளியது. ஐரோப்பாவுக்குள் நுழையும் ஆடைக்குப் பொது வரி பெரும்பாலும் 12 விழுக்காடு. சாதாரண ஜி.எஸ்.பி. நாட்டுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடி, ஆக 9.6 விழுக்காடு. பிளஸ் நாட்டுக்குச் சுழியம். இந்தியா சாதாரணப் படியில் இருந்தது. அதனால் திருப்பூர் பனியன் 9.6 விழுக்காடு வரி கட்டி நுழைந்த அதே துறைமுகத்தில் கட்டுநாயக்கவில் தைத்த பனியன் வரியின்றி நுழைய முடிந்தது. 'முடிந்தது' என்பதில் ஒரு நிபந்தனை உண்டு. துணியும் அந்நாட்டிலேயே உற்பத்தியாகியிருக்க வேண்டும் என்பது விதி. இலங்கை தன் துணியில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாடு. ஆகவே உள்நாட்டில் பின்னிய துணியால் ஆன உள்ளாடை, பின்னலாடை போன்றவற்றுக்கே சலுகை முழுமையாகப் பயன்பட்டது. சலுகையின் அளவைப் பேசும்போது இந்த விதி பலராலும் மறக்கப்படுகிறது.

விசாரணையும் மறுப்பும்

சலுகை நடைமுறையிலிருந்த முதல் நான்கு ஆண்டுகள் இலங்கையின் போர் மிகக் கொடுமையாக நடந்த ஆண்டுகள். 2008 அக்டோபரில் ஐரோப்பிய ஆணையம் விசாரணையைத் தொடங்கியது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான ஒப்பந்தம், சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தம், குழந்தை உரிமை ஒப்பந்தம் ஆகிய மூன்றும் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்பதே கேள்வி. மூன்று தனிநிலை வல்லுநர்கள் நியமிக்கப்பட்டனர். இது தன் உள்நாட்டு விவகாரம் என்று கூறிய இலங்கை அரசு விசாரணைக்கு ஒத்துழைக்க மறுத்தது. வல்லுநர்கள் நாட்டுக்குள் வந்து பார்க்கவும் இயலவில்லை. ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஆவணங்களையும் பிற வெளிப்படையான அறிக்கைகளையும் கொண்டே அவர்கள் அறிக்கை எழுதினார்கள்.

விசாரணை நடந்துகொண்டிருந்த அந்த ஓராண்டில் நடந்தவற்றைத் தமிழ் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. 2009 ஜனவரி 8 அன்று சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொழும்பில் பட்டப்பகலில் கொல்லப்பட்டார். மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. ஏறத்தாழ 2,80,000 தமிழர்கள் மெனிக் பாம் உள்ளிட்ட முட்கம்பி முகாம்களில் அடைக்கப்பட்டனர். ஆகஸ்ட் 31 அன்று, எழுதிய கட்டுரைகளுக்காகத் தமிழ்ப் பத்திரிகையாளர் ஜெ. எஸ். திசைநாயகத்திற்குப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் 20 ஆண்டு கடுங்காவல் விதிக்கப்பட்டது. அக்டோபர் 19 அன்று ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தது. சட்டத்திற்குப் புறம்பான கொலைகள், ஆள்கடத்தல், காவலில் சித்திரவதை, அரசுடன் இணைந்து செயல்பட்ட கருணா குழுவின் சிறார் சேர்ப்பு என மூன்று ஒப்பந்தங்களும் மீறப்பட்டதாக அது முடிவு கூறியது.

2010 பிப்ரவரி 15 அன்று ஐரோப்பிய ஒன்றிய அமைச்சரவை சலுகையைத் தற்காலிகமாக நிறுத்த முடிவெடுத்தது. விதிப்படி ஆறு மாதம் கழித்தே அது நடப்புக்கு வரும். இந்த ஆறு மாதம்தான் இவ்வரலாற்றில் கூர்ந்து கவனிக்க வேண்டிய பகுதி. தண்டனை இன்னும் விழவில்லை. விழப்போகிறது என்பது உறுதி. இந்த இடைவெளியில், மே மாதம், திசைநாயகத்திற்குக் குடியரசுத் தலைவர் மகிந்த ராஜபக்ச மன்னிப்பு வழங்கினார். நெருக்கடிநிலை விதிகளில் சில தளர்த்தப்பட்டன. ஜூன் மாதம் ஐரோப்பிய ஆணையம் இன்னொரு வாய்ப்பும் கொடுத்தது: 15 செயல்களை நிறைவேற்றுவதாக எழுத்து மூலம் உறுதியளித்தால் மேலும் ஆறு மாதம் சலுகை தொடரும். நெருக்கடிநிலை விதிகளையும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும் பன்னாட்டு ஒப்பந்தங்களுக்கு ஏற்ப மாற்றுவது, காவலிலுள்ள முன்னாள் போராளிகளின் பட்டியலை வெளியிடுவது, அரசமைப்பின் 17ஆம் திருத்தம் கூறும் தற்சார்புள்ள ஆணைக்குழுக்களை அமைப்பது ஆகியவை அவற்றுள் அடங்கும்.

காணாமற்போனவரைத் தேடும் குடும்பத்துக்கு அந்தப் பட்டியல் ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும். இலங்கை அரசு மறுத்தது. இறையாண்மையை விலைக்கு விற்க முடியாது என்ற வாதம் உள்நாட்டில் கைதட்டல் பெற்றது. போரில் வென்ற அரசு, தேர்தலிலும் பெரும்பான்மை பெற்றிருந்த நேரம் அது. ஆகஸ்ட் 15 அன்று சலுகை நின்றது. சரியாக இருபத்து நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 8 அன்று, நாடாளுமன்றம் 18ஆம் திருத்தத்தை நிறைவேற்றியது. ஒருவர் இருமுறைக்கு மேல் குடியரசுத் தலைவராகக் கூடாது என்ற தடையும், 17ஆம் திருத்தம் அமைத்த அரசமைப்புப் பேரவையும் அதனால் நீங்கின. ஐரோப்பா கேட்டதற்கு நேர் எதிரான பதில்.

வரி யார் தலையில்

9.6 விழுக்காடு வரியைச் சுங்கச்சாவடியில் கட்டுபவர் ஐரோப்பிய இறக்குமதியாளர். அவர் அதைத் தன் இலாபத்தில் கழித்துக்கொள்வதில்லை. அடுத்த பருவத்து ஆர்டருக்கு விலை பேசும்போது, "வேறு நாட்டில் வரியில்லாமல் கிடைக்கிறதே" என்பார். 100 யூரோ சரக்கில் 9 யூரோ 60 சென்ட் என்பது தையல் தொழிலில் சிறு தொகை அல்ல. பல தொழிற்சாலைகளின் இலாபமே அதற்குள் அடங்கிவிடும். துணி விலையும் மின்கட்டணமும் முதலாளி கையில் இல்லை. அவர் கையில் இருப்பவை ஒரு மணி நேரத்துக்கு இத்தனை உருப்படி என்ற இலக்கும், மிகைநேர வேலையும், ஊதிய உயர்வும்தான்.

இலங்கையின் ஆடைத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தொடங்கியதிலிருந்து அங்கே வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் சிங்களச் சிற்றூர்களின் இளம்பெண்கள். வலயத்தைச் சுற்றியுள்ள விடுதிகளில் ஓர் அறையில் பலராகத் தங்கி, ஊருக்குப் பணம் அனுப்புபவர்கள். முட்கம்பி முகாம்களை அமைத்தவர்களும் அவர்கள் அல்லர், 18ஆம் திருத்தத்திற்குக் கை உயர்த்தியவர்களும் அவர்கள் அல்லர். அவர்களுக்கே அரசு என்ன மரியாதை கொடுத்தது என்பது 2011 மே 30 அன்று தெரிந்தது. தனியார் துறை ஓய்வூதிய மசோதாவை எதிர்த்துக் கட்டுநாயக்கவில் போராடிய தொழிலாளர்கள் மீது காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது; இளம் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். மசோதா பின்வாங்கப்பட்டது. ஐரோப்பா எந்த ஒப்பந்தங்களின் பெயரால் சலுகையைப் பறித்ததோ அவை இவர்களையும் காக்க வேண்டியவையே. பறிப்பின் சுமையைத் தாங்கியவர்களும் இவர்களே.

போருக்குப் பின் பெரிய ஆடை நிறுவனங்கள் வடக்கு, கிழக்கிலும் கால் பதித்தன. கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். நிறுவனமும், மட்டக்களப்பு மாவட்டம் புணானையில் பிராண்டிக்ஸ் நிறுவனமும் தொழிற்சாலைகள் அமைத்தன. போரில் கணவரை இழந்த பெண்களுக்குக் கிடைத்த மாத ஊதியங்களில் இதுவும் ஒன்று. யாருக்காக வரி விதிக்கப்பட்டதோ அவர்களே அந்த வரியின் பங்கைச் சுமக்கும் நிலை இப்படி உருவானது.

நாட்டின் மொத்தக் கணக்கைப் பார்த்தால் படம் வேறு. சலுகை போனால் தொழிலே அழிந்துவிடும் என்று அச்சம் சொல்லப்பட்டது. அது நடக்கவில்லை. 2010இல் ஏறத்தாழ 335 கோடி டாலராக இருந்த துணி, ஆடை ஏற்றுமதி 2011இல் 400 கோடி டாலரைத் தாண்டியது. ஏறத்தாழ பாதி சரக்கு அப்போதும் ஐரோப்பாவுக்கே போய்க்கொண்டிருந்தது. பெரிய நிறுவனங்கள் விலை உயர்ந்த உள்ளாடை, விளையாட்டு உடை என மாறிக்கொண்டன. ஐரோப்பிய, அமெரிக்கப் பெருங்கடைகளுடன் அவற்றுக்கு நீண்டநாள் உறவு இருந்தது. அடிவாங்கியவை குறைந்த விலைச் சட்டை தைத்த சிறு தொழிற்சாலைகள். ஆனால் சிறு தொழிற்சாலை மூடப்படுவது புள்ளிவிவர ஏட்டில் தெரிவதில்லை. 'பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை' என்று அரசு சொல்ல இந்த ஏற்றம் உதவியது.

இலங்கை இழந்ததைத் திருப்பூர் பெற்றிருக்க வேண்டும் என்று கருதலாம். இரண்டும் ஒரே 9.6 விழுக்காட்டுக்கு வந்துவிட்டன அல்லவா. ஆனால் 2011 ஜனவரி 28 அன்று, நொய்யல் ஆற்றை மாசுபடுத்திய சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயம் ஏற்ற இடமின்றித் திருப்பூர் தவித்தது. அதே ஜனவரி மாதம் ஐரோப்பா தன் துணி விதியை மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு மட்டும் தளர்த்தியது. இறக்குமதித் துணியில் தைத்த ஆடைக்கும் வரியில்லை என்றானது. வங்கதேசத்திற்கு அது பொற்காலம். மனித உரிமைக்காக ஒரு நாட்டில் உயர்த்திய விலை, தொழிலாளர் பாதுகாப்பில் அதைவிட மோசமான இன்னொரு நாட்டுக்கு ஆர்டரைத் தள்ளியது என்றே சொல்ல வேண்டும். 2013 ஏப்ரலில் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தபோது உலகம் அதைக் கவனித்தது.

திரும்பக் கிடைத்தது

2015 ஜனவரி 8 தேர்தலில் ராஜபக்ச தோற்றார். மைத்திரிபால சிறிசேன, ரணில் விக்கிரமசிங்க அரசு வரிச்சலுகையை மீட்பதை வெளிப்படையான இலக்காக வைத்தது. 2015 ஏப்ரலில் 19ஆம் திருத்தம் நிறைவேறி, 18ஆம் திருத்தம் பறித்தவற்றில் பலவும் திரும்பின. 2016இல் வலிந்து காணாமலாக்கப்படுதலுக்கு எதிரான பன்னாட்டு ஒப்பந்தத்தை இலங்கை ஏற்றது. காணாமற்போனோர் அலுவலகத்திற்கான சட்டமும் வந்தது. அவ்வாண்டு ஜூலையில் இலங்கை மீண்டும் விண்ணப்பித்தது. 2017 ஜனவரி 11 அன்று ஆணையம் பரிந்துரைத்தது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் எதிர்ப்புத் தீர்மானம் ஒன்று ஏப்ரல் மாதம் பெரும் வித்தியாசத்தில் தோற்றபின், மே 19 அன்று சலுகை திரும்பியது.

ஏழாண்டு பறிப்பு நகர்த்தாததை, திரும்பத் தருவோம் என்ற வாக்குறுதி ஓரளவு நகர்த்தியது. 2010இன் அந்த ஆறு மாத இடைவெளியிலும் இதுவே நடந்தது: வரி விழுவதற்கு முன் திசைநாயகம் வெளியே வந்தார், விழுந்தபின் 18ஆம் திருத்தம் வந்தது. ஆட்சி மாற்றம் வரியால் வந்ததன்று, தேர்தலால் வந்தது. அதில் தமிழர், முஸ்லிம் வாக்குகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் மாறிய ஆட்சியின் கையில் ஒரு கைப்பொருளை வைத்தது இந்தச் சலுகைதான்.

திரும்பக் கொடுத்ததில் அவசரம் இருந்தது என்ற குறையும் நியாயமானது. 2010இல் ஐரோப்பா கேட்ட பதினைந்தில் முதன்மையானது 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் பற்றியது. அச்சட்டம் நடைமுறையில் இருக்கும்போதே சலுகை திரும்பியது. மாற்றுச் சட்ட முன்வரைவு 2018இல் வெளியிடப்பட்டு, நிறைவேறாமல் போனது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அதே சட்டம் முஸ்லிம்கள் மீது திரும்பியது. 2020 மே மாதம் தமிழில் கவிதை எழுதிய ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம் கைது செய்யப்பட்டார்.

2021 ஜூன் 10 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம், சலுகையை மீண்டும் நிறுத்துவது பற்றி ஆணையம் ஆராய வேண்டும் என்று 628 வாக்குகளால் தீர்மானம் நிறைவேற்றியது. எதிர்த்தவை 15 மட்டுமே. இம்முறை கொழும்பு 2010இல் பேசியது போலப் பேசவில்லை. கொரோனாவால் சுற்றுலா வருமானம் நின்று, அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஜஸீம் பிணையில் வெளிவந்தார். 2022 மார்ச்சில் பயங்கரவாதத் தடைச் சட்டம் திருத்தப்பட்டது, நீக்கப்படவில்லை. நீதிமன்ற விசாரணையின்றி ஒருவரை அமைச்சரின் ஆணையால் தடுத்து வைக்கக்கூடிய உச்சகாலம் 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைந்தது. ஐரோப்பிய வரிச்சலுகை தொடர்ந்தது.